ஒருமுறை மட்டும் கேட்கவும்

ஐம்பத்து மூன்று மணி நாற்பது நிமிடம். மனித குலம் நாகரிகத்தின் கடைசிப் படியில் ஏறி நிற்க அவ்வளவு நேரம்தான் ஆனது. வெள்ளிக்கிழமை காலை 7.20க்கு லே நகரில் கிளம்பி, ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு எங்கள் பள்ளத்தாக்கின் கடைசி வீட்டில் முடிந்த ‘சுவைத் தடம்’ பயணத்தைத்தான் சொல்கிறேன். வீடுகள் ஆறு. பதார்த்தங்கள் பத்தொன்பது. விருந்தினர் நால்வர், மதிப்பீட்டாளர் ஒருவர், ஓட்டுநர் ஒருவர், ஒருங்கிணைப்பாளர் ஒருவர்.

அந்த ஒருங்கிணைப்பாளர் நான். பத்தொன்பது பதார்த்தங்களில் நான் உண்டவை பூஜ்யம். இது குறையல்ல. திட்டத்தின் வெற்றி.

எங்கள் பள்ளத்தாக்கு வெகு காலம் இருளில் கிடந்தது. ‘சாப்பிடுங்கள்’ என்றதும் ‘சரி’ என்று சொல்லிவிடும் ஆள் இங்கே இன்னும் பிறக்கவில்லை. முதல் ‘வேண்டாம்’ வணக்கம் சொல்வதைப் போல. இரண்டாவது ‘வேண்டாம்’ நம்மை நல்லபடி வளர்த்திருக்கிறார்கள் என்று காட்டுவதற்கு. மூன்றாவதற்குக் கோப்பையைக் கையால் மூட வேண்டும். வீட்டுக்காரம்மா அந்தக் கையைப் பிடித்து விலக்கிவிட்டு ஊற்றுவார். அதன் பிறகுதான் உண்மையில் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சே தொடங்கும்.

போன வருடம் ஒரு விருந்தினர் இதைத் தாங்காமல் சுற்றுலாக் கழகத்துக்குப் புகார் எழுதினார். ஒரே மாலையில் பதினொரு கோப்பை உப்புத் தேநீர். ‘என் மறுப்பு மதிக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தார். கழகம் குழு அமைத்தது. குழு நான்கு முறை கூடி பிஸ்கட் சாப்பிட்டது. கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றவள் நான் ஒருத்திதான். விலங்கியல். அதனால் விதியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

‘விதி 7: விருந்தினரிடம் உணவை ஒருமுறை மட்டும் கேட்கவும். வேண்டாம் என்றால் வேண்டாம். மீறும் வீட்டுக்குச் சிவப்புப் பொட்டு. மூன்று பொட்டு சேர்ந்தால் விருந்தினர் வீடுகளின் பட்டியலிலிருந்து நீக்கம்.’

இது உள்ளூர் வழக்கத்துக்குப் பொருந்துமா என்று குழு கேட்டது. அடிக்குறிப்பு ஒன்று சேர்த்தேன். ‘முற்றிலும் பொருந்தும். இப்பகுதி மக்கள் ஒருமுறை மறுத்தால் மறுத்ததே. — மண்ணின் நிபுணர்.’

உங்கள் பெயரைப் போடலாமா என்றார்கள். வேண்டாம் என்றேன். ஒரு தடவைதான் கேட்டார்கள்.

இந்தப் பயணம் புகார் இல்லாமல் முடிந்தால் விதி நிரந்தரமாகும். என் வேலையும் நிரந்தரமாகும். அதைப் பார்க்க டில்லியிலிருந்து மதுரிமா மேடம் வந்திருந்தார். கழுத்தில் அட்டை, கையில் பொட்டுத் தாள்.

முதல் வீடு அமாலே சோண்டோலுடையது. தாழ்வான மேசைகளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்தோம். அமாலே சட்டியோடு வந்து, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதைப் போல நிமிர்ந்து நின்றார்.

“ரூல் ஏழுபடி கேக்கறேன். ஸ்க்யூ வேணுமா?”

நால்வரும் வேண்டும் என்றார்கள், பூனாவிலிருந்து வந்தவர் முதலில். மேடமும் வேண்டும் என்றார். கட்டைவிரலால் அழுத்திய மாவுத் துண்டுகள், டர்னிப், எலும்புச் சாறு. ஆவி என் கண்ணாடியில் படிந்தது.

“நோமோ, உனக்கு?”

நோமோ என்றால் தங்கச்சி; அமாலே அம்மா, அச்சே அக்கா, அச்சோ அண்ணன். ஊரில் எல்லோருக்கும் நான் நோமோதான்.

“வேண்டாம் அமாலே.”

“சரி.”

அந்தச் சொல்லை அந்த இடத்தில் இருபத்து நான்கு வருடத்தில் நான் கேட்டதில்லை. சட்டி போய்விட்டது. கையை முன்கூட்டியே நீட்டி, இல்லாத கோப்பையை மூடியபடி உட்கார்ந்திருந்தேன்.

“பிரமாதம்,” என்றார் மேடம். “எவ்வளவு இயல்பா நடக்குது பாருங்க.”

அடுப்படியிலிருந்து பேச்சு கேட்டது. அமாலேயும் அவர் நாத்தனாரும்.

“இந்த ரூல எழுதினவன் வீட்ல சோறு போட ஆளே இல்லையா?”

“டில்லில எவனாவது இருப்பான் அமாலே. கண்ணாடி போட்டுக்கிட்டு.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

இரண்டாவது வீட்டில் பார்லிக் களியும் கீரை போட்ட மோரும். கேட்டார்கள். மறுத்தேன். மதித்தார்கள். மூன்றாவது வீட்டில் ஆப்ரிகாட் எண்ணெய் சொட்டும் கம்பீர் ரொட்டி. மதித்தார்கள். ஒரு நாளில் என்னை இத்தனை பேர் மதித்தது அதுதான் முதல் தடவை.

ஓட்டுநர் உர்கியன் நிலை வேறு. விதியில் ‘விருந்தினர்’ என்பதற்கு விளக்கம் உண்டு. ‘ஒருங்கிணைப்பாளர் உட்பட’ என்று நானே சேர்த்திருந்தேன். ஓட்டுநரை மறந்துவிட்டேன். ஆகவே சட்டப்படி அவர் யாருமில்லை. பெண்கள் மூன்று வீட்டில் அடக்கி வைத்ததையெல்லாம் அவரிடம் தீர்த்துக்கொண்டார்கள். “தின்னு அச்சோ, தின்னு, உன்னைத்தான் கேக்க முடியுது” என்று தோளை அழுத்தி உட்காரவைத்து ஊட்டாத குறை. அவர் வண்டி ஏறும்போது இடுப்பு வாரை இரண்டு துளை தளர்த்தியிருந்தார்.

சனிக்கிழமை காலை விருந்தினர்கள் ஆற்றைப் படம் பிடிக்க இறங்கினார்கள். உர்கியன் திரும்பிப் பார்த்தார்.

“நோமோ, நேத்துலேர்ந்து நீ ஒன்னும் சாப்பிடலை.”

“சாப்பிட்டேன் அச்சோ.”

“என்ன சாப்பிட்டே?”

“தண்ணி.”

“கேக்கறப்ப ஆமான்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே? அந்தப் பூனாக்காரர் சொல்றாரே.”

“அவருக்குப் பழக்கம்.”

“சரி, இப்பப் பழகு. நான்தான் வீட்டுக்காரம்மா. நோமோ, மோமோ வேணுமா?”

“வேண்டாம்.”

“அடச்சீ. மறுபடியும். மோமோ வேணுமா?”

“ஆமா,” என்றேன். முகம் சுட்டது. சந்தையில் நின்று பாவாடையைத் தூக்கிக் காட்டியதைப் போல இருந்தது.

“ஆங், அப்படித்தான்! யாரும் செத்துப்போகலை பாத்தியா?”

ஒன்பது முறை பழகினோம். ஒன்பதாவது முறை குரல் கூட நடுங்கவில்லை. நான்காவது வீட்டில் ஆவி பறக்கும் மோமோத் தட்டு நேராக என் முன்னால் வந்து நின்றது. மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சை இழுத்துக்கொண்டேன்.

“வேண்டாம்,” என்றேன்.

“சரி,” என்றார் அந்த வீட்டு அச்சே.

வாசலில் நின்ற உர்கியன் தலையில் அடித்துக்கொண்டார்.

இதை அறிவியல் நோக்கில் பார்க்க வேண்டும். கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீரும். பிறகு உடல் கொழுப்பை எடுத்துக்கொள்ளும். தேர்வில் இதற்கு எனக்கு முழு மதிப்பெண். நேரில் கவனிக்கும் வாய்ப்பு எல்லா மாணவர்களுக்கும் அமைவதில்லை. நான் குறிப்பெடுத்தேன். சனி மாலை, ஐந்தாவது வீட்டில், கையெழுத்து மலை ஏறத் தொடங்கியது.

“நீங்க ரொம்பக் கட்டுப்பாடா இருக்கீங்களே,” என்றார் மேடம். “என்ன டயட் இது?”

“பாரம்பரியமானது மேடம்.”

அவர் எழுதிக்கொண்டார். பூனாக்காரர் பக்கத்தில் வந்து அமர்ந்து விவரம் கேட்டார். உணவு முடிவதற்குள் அடுத்த பருவத்துக்கு ‘மலைமக்கள் உண்ணாநிலை முகாம்’ என்ற புதிய திட்டம் உருவாகியிருந்தது. மூன்று பகல், இரண்டு இரவு, முன்பதிவு அவசியம். நிபுணராக என் பெயரை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

ஞாயிறு மதியம் கடைசி வீடு. அச்சே லாஸெஸ் வீடு. பட்டியலை நம்பி, சென்ற இலையுதிர்காலத்தில் இரண்டு அறை புதிதாகக் கட்டி, லேயிலிருந்து கண்ணாடி ஜன்னல் கொண்டுவந்து வைத்திருந்தார். கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தை இன்னும் கிழிக்கவில்லை. நான் வராத முந்தைய பயணங்களில் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு பொட்டு. ஒன்று, ஒருவரிடம் இரண்டாம் முறை கேட்டதற்கு. மற்றது, கேட்காமலே கோப்பையை நிரப்பியதற்கு. இன்னொன்று விழுந்தால் அறைகளில் ஆட்டுக்குட்டிகளைத்தான் தங்கவைக்க வேண்டும்.

எல்லோருக்கும் கேட்டுக் கேட்டுப் பரிமாறினார். குரல் அடக்கமாக, கண் பொட்டுத் தாளின் மேல். கடைசியில் கிண்ணத்தோடு என்னிடம் வந்தார். மஞ்சள் சாறு, வில் போல மடித்த மாவு, மேலே கொழுப்பு மினுங்கியது.

“நோமோ, வேணுமா?”

“வேண்டாம் அச்சே.”

“சரி,” என்று திரும்பி அடுப்படி வரை போனார். நிலைப்படியில் நின்றார். பிறகு திரும்பி வந்தார்.

“உர்கியன் சொன்னான். மூணு நாளா நீ எதுவுமே சாப்பிடலையாம். கொஞ்சம் சாப்பிடு.”

மேடத்தின் பேனா நின்றது. “அச்சே, இது இரண்டாவது முறை.”

“எண்ணத் தெரியும் மேடம்.”

“வேண்டாம் அச்சே,” என்றேன். இந்த முறை உண்மையிலேயே அவருக்காகச் சொன்னேன். “பொட்டு விழுந்துடும்.”

“விழட்டும். உன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு. சாப்பிடறியா, இல்ல மடியில உக்காரவெச்சு ஊட்டவா?”

நான் கையை நீட்டி மூடினேன். இம்முறை கிண்ணம் இருந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து விலக்கினார்.

“பசிக்குது அச்சே,” என்றேன்.

அதற்குப் பிறகு சிறிது நேரம் என்ன பேசினார்கள் என்று தெரியாது. இரண்டு கிண்ணம் முடித்து நிமிர்ந்தபோது மேடம் தாளிலிருந்து சிவப்புப் பொட்டை உரித்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவரல்ல. கண் கலங்கியிருந்தது.

“எனக்கே கஷ்டமா இருக்கு அச்சே. ஆனா உங்க ஊர் வழக்கமே இதுதான்னு மண்ணின் நிபுணர் எழுதிக் கொடுத்திருக்காங்க. இந்த அடிக்குறிப்பு இருக்கற வரைக்கும் நான் ஒட்டித்தான் ஆகணும். எழுதினவங்களே வந்து தப்புன்னு சொன்னா விதியே செல்லாது.”

“அவன் எங்க வரப்போறான்,” என்றார் அச்சே லாஸெஸ், என் கிண்ணத்தை மூன்றாம் முறை நிரப்பியபடி. “டில்லில வயிறு முட்டத் தின்னுட்டுத் தூங்கிட்டிருப்பான். எங்க வீட்டுச் சோறு ஒரு வாய் தின்னிருந்தா இப்படி எழுதியிருப்பானா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். டில்லிக்காரனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. பூனாக்காரருக்குக்கூட.

மேடம் என் பக்கம் திரும்பினார். “நீங்க கழக ஆபீஸ்லதானே இருக்கீங்க? அது யாருன்னு தெரியுமா?”

“தெரியாது மேடம்.”

“சரி,” என்றார் மேடம்.

இரண்டாம் முறை யாரும் கேட்கவில்லை. விதி அப்படி. பொட்டு அவர் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டு அச்சே லாஸெஸ் பெயருக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. நான் வாயில் இருந்ததை விழுங்கினேன்.

“நான்தான் மேடம்,” என்றேன். “பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன்.”