பெரலுக்குள் இருபத்தெட்டு அங்குலம்

நௌஃபர், வயது இருபத்துமூன்று, ஊர் குறிஞ்சிப்பிட்டி, இப்போது இருப்பது தோஹாவில். வெயிலில் பெட்டி எண்ணும் வேலையை விட்டு ஏசி அறைக்குள் போகத்தான் கணினிப் பாடம் படித்தான். கடைசி ஒப்படைப் பயிற்சியை இன்று மாலைக்குள் அனுப்பாவிட்டால் இன்னுமொரு கோடை வெயிலில்தான்.

எடுத்துக்கொண்ட கணக்கு ஊர் வீட்டு முற்றத்தில் படுத்துக் கிடந்த மண்ணெண்ணெய்ப் பெரல், இரும்புப் பீப்பாய். வாப்பா தன் மீன்பிடிப் போட்டுக்காக அதில் ஐந்தில் நாலு பங்கு எண்ணெய் ஊற்றியிருந்தார். அது எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று கணினி ஊகிக்கும், பிழைத்தால் திருத்தும், திருத்தித் திருத்தி விடையை நெருங்கும். வீட்டில் தடி விட்டுப் பார்த்த அளவோடு பொருந்தினால் பாஸ்.

கணினி பதினேழு அங்குலம் என்றது.

"இருபத்தெட்டு மகன்," என்றார் உம்மா போனில்.

"உம்மா! பெரல்ட அகலமே இருபத்துமூண்டு!"

"ஒண்டு கூட்டித்தான் சொன்னன். குறைச்சுச் சொன்னா பறக்கத்து போயிரும், ஒண்டும் பெருகாது."

"கணக்குக்கு என்னத்துக்கு உம்மா பறக்கத்து? சரியாச் சொல்லுங்க!"

"அப்ப இருபத்தேழு."

நௌஃபர் தலையில் அடித்துக்கொண்டான். "தடி சரிவாப் போயிருக்கும். வாப்பாவ நேரா விடச் சொல்லுங்க."

"நேராத்தான்டா விட்டன்!" தூரத்தில் வாப்பா கத்தினார். "எனக்குத் தடி விடப் படிச்சுத் தாறியா?"

ஊரிலிருந்தபோது அகலத்தை நான்தான் பிழையாக அளந்துவிட்டேனோ? கணினியில் பெரலைக் கொஞ்சம் அகலமாக்கினான். போதவில்லை. இன்னும் அகலமாக்கினான். ஒருவழியாக இருபத்தேழு வந்தது. ஆனால் எண்ணெய் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

"இந்தக் கணக்குப்படி ரெண்டு பெரல் எண்ணெய் ஈக்கிது உம்மா," என்றான், அழாக்குறையாக.

"அல்ஹம்துலில்லாஹ்! கேட்டீங்களா, பறக்கத்து!"

"அப்ப பக்கத்து வீட்டு நெய்னாருக்கு ஒரு கேன் ஊத்திக் குடு!" என்றார் வாப்பா.

"ஊத்தாதீங்க! அளவு மாறிரும்!"

அந்த நேரம் பார்த்துப் பாடம் நடத்தும் சேரிடமிருந்து செய்தி வந்தது: பெரலின் படமும் வேண்டுமாம்.

"றிஸ்லாக்கிட்ட போனைக் குடுங்க. தங்கச்சி, பெரல ஒரு படம் எடுத்து அனுப்பு. கெதியா!"

"ஓம் நானா. படுத்த பெரலுக்குக் கணக்குப் பாக்கக் கஷ்டமெண்டு ராவு அழுதீங்களே, அதான் காலையிலேயே வாப்பா நிமித்தி வெச்சிட்டார், பாஸ் போடச் சொல்லி சேர்கிட்டக் கேளுங்க."