சகலைக்குப் போட்ட பிரேக்

உயிரே போனாலும் ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போவதில்லை என்று வெள்ளிக்கிழமையே முடிவு கட்டிவிட்டேன்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா புருஷன். சகலமும் தெரிந்தவர் என்று அவருக்கு நினைப்பு. போன தடவை தன் புதுக் காரில் என்னை உட்காரவைத்து, வாசலுக்கும் தெருவுக்குமாக ரிவர்ஸ் எடுத்து, "பாத்தீங்களா சகலை, பின்னாடி இருக்கறது முன்னாடி தெரியுது!" என்று உயிரை வாங்கினார். எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அதற்கு வைத்தியமும் அவரே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பறோம். அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் மனைவி.

"ஓ, தாராளமா!" என்றேன். நான் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதற்கு அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அதற்கு நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானும் படவில்லை.

திட்டம் இதுதான். கார் ஓடினால்தானே போக வேண்டும்? எங்கள் காருக்கு வயசாகிவிட்டது. மூன்று மாதமாகப் பின்பக்க பிரேக் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. தினமும் அதை ஆபீசுக்கு ஓட்டிப் போகிறவள் அவள்தான். "பிரேக் பேடு தேஞ்சுபோச்சுங்க. பயமா இருக்கு. மெக்கானிக்கிட்ட விடலாம்" என்பாள். "நான் இருக்கும்போது மெக்கானிக் எதுக்கு? இந்த ஞாயித்துக்கிழமை நானே மாத்தறேன்" என்பேன். ஞாயிறு வரும். நான் தூங்குவேன். திங்கட்கிழமை பிரேக் கத்தும்.

இந்த ஞாயிறு தூங்கவில்லை. விடிந்ததும் முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கி போட்டு, பின் சக்கரம் ஒன்றைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தேன். பேடுகளைக் கவ்விப் பிடித்திருக்கும் காலிப்பரைப் பிரித்துப் பழையவற்றை வெளியே எடுத்தேன். நகத்தின் கனம்கூட மிச்சமில்லை. எனக்கே திக்கென்றது. இதை நம்பியா இவள் தினமும் போய் வந்தாள்? ஆனாலும் சதி என்று இறங்கிவிட்டால் மனசு இளகக் கூடாது.

கிளம்பத் தயாராகி வெளியே வந்தாள்.

"என்னங்க இது?"

"பிரேக்! நீ சொல்லிட்டே இருந்தியே. உன் உசிரு எனக்கு முக்கியம் இல்லையா?"

"இன்னிக்கா?"

"நல்ல காரியத்தைத் தள்ளிப் போடலாமா? அடடா, புது பேடு வாங்க மறந்துட்டேனே! இன்னிக்குக் கடையும் கிடையாது. சரி, அக்காவுக்கு விஷயத்தைச் சொல்லிடு. பாவம், ஏமாந்து போயிடுவாங்க."

உள்ளே போனாள். ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தாள்.

"நேத்தே வாங்கிட்டேன். ரெண்டு பக்கத்துக்கும் இருக்கு."

பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் காருக்கேதான். ஆனால் நான் யார்? கைவசம் இன்னொரு அஸ்திரம் இருந்தது. புது பேடு தடிமனாக இருக்கும். அது நுழைய வேண்டுமானால், பேடை அழுத்துகிற பிஸ்டனை முதலில் உள்ளே அனுப்ப வேண்டும். எங்கள் கார் பின் சக்கரத்தில் தலைகீழாக நின்று அழுத்தினாலும் அது போகாது. திருகினால்தான் போகும். இது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஆகவே அழுத்தினேன். முக்கினேன், முனகினேன், பல்லைக் கடித்தேன்.

"அசைய மாட்டேங்குது! பழைய வண்டி பாரு, இறுகிப்போச்சு. இன்னிக்கு ஆகாது."

"ஐயோ பாவம், வேர்த்து ஊத்துதே! இருங்க, அத்தான்கிட்ட கேக்கறேன்."

"அவர்கிட்ட எதுக்கு?"

அதற்குள் போன் காதுக்குப் போய்விட்டது. "ஆமா அத்தான்... இவருக்குத் தெரியலை அத்தான்... நீங்களே வந்தா நல்லது அத்தான்..." ஒவ்வொரு அத்தானும் எனக்கு நெஞ்சில் குத்தியது.

"அழுத்தக் கூடாதாம், திருகணுமாம்" என்று திரும்பி வந்தாள். "'அவரை எதையும் தொட வேணாம்னு சொல்லு, நானே வந்து மாட்டித் தர்றேன்'னு கிளம்பிட்டாரு."

நினைத்துப் பாருங்கள். அந்த ஆள், என் வாசலில், என் ஸ்பானரோடு! இனி எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "சகலை காருக்கு நான்தான் பிரேக் போட்டேன்" என்று பந்தியில் பரிமாறுவார். என் மானம் கப்பலேறிவிடும்.

பிஸ்டனைத் திருகினேன். சமர்த்தாக உள்ளே போனது. பேடு, காலிப்பர், போல்ட், சக்கரம். அடுத்த பக்கம் ஓடினேன். நான் பறந்த பறப்பைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இவ்வளவு அவசரம்?"

"சகலை வர்றாரு!"

"அடப் பாவமே" என்று துக்கம் விசாரிக்கிற முகத்தோடு அவர் உள்ளே போய்விட்டார்.

பெடல் கெட்டியாகும்வரை மிதித்தேன். தெருவை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கீச்சும் இல்லை, மூச்சும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். வரட்டும். வந்து பார்க்கட்டும்!

"எங்கே உன் அத்தான்? வழி தெரியலையா?"

"அவரா? அவங்க எல்லாரும் புதன்கிழமையே வெளியூர் போயாச்சே."

"அப்போ போன்ல பேசினது?"

"அணைச்சு வச்ச போன்ல. திருகணும்னு பேடு வித்தவரே சொல்லித்தான் குடுத்தாரு. நீங்க அழுத்தி அழுத்தி முனகினீங்களே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அக்கா வீட்டுக்குப் போகணும்னா நீங்க காரைப் பிரிச்சுப் போட்டுடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. நாளைக்கு அவள் பயமில்லாமல் போய் வருவாள். சகலை முகத்திலும் முழிக்க வேண்டாம். யோசித்துப் பார்த்தால் ஜெயித்தது நான்தான் என்று ஸ்பானரை எடுத்து வைக்கப் போனேன்.

"அதை அங்கேயே வைங்க" என்று இன்னொரு அட்டைப்பெட்டியை நீட்டினாள். "முன் சக்கரத்துலயும் தேஞ்சுதான் இருக்குமாம். இன்னிக்கே முடிச்சிடறீங்களா, இல்ல அத்தான் ஊர்லேர்ந்து வந்ததும் நிஜமாவே ஒரு போன் போடட்டுமா?"