சிவப்பு எழுத்தில் அப்பாவு பெயர்

புளியந்தோப்பு,
20.1.2009

புறா வாங்க, விற்க உதவும் இணையக் குழுவின் மாடரேட்டர், பெருமதிப்பிற்குரிய ஞானதுரை ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் புறாக்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்களும் நலம்தான், ஒரு மோசடிக்காரர் வீட்டில் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு. தங்கள் குழுவின் ‘இவர்களிடம் உஷார்’ பகுதியில் சிவப்பு எழுத்தில் மின்னும் அப்பாவுவின் மகள் நான். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. குழுவிலாவது எழுதலாம் என்றால், அப்பாவுக்காக நான் தட்டச்சு செய்துவந்த கணக்கையும் முடக்கிவிட்டீர்கள். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான் ஐயா. அப்பாவின் சாம்பல் பெட்டையைக் காலடிப்பேட்டை லூயிஸ் அண்ணன் வாங்கினார். “முட்டை வெச்சு குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கூண்டைத் தொறக்காத நைனா, ரேஸ் புறா, பறந்துகினு இங்கயே வந்துரும்” என்று அப்பா படித்துப் படித்துச் சொன்னார். லூயிஸ் அண்ணன் நன்றாகத் தலையாட்டிவிட்டுப் போய், அந்த வாரமே தோஸ்துகளுக்குக் காட்ட மொட்டை மாடியில் கூண்டைத் திறந்தார். அவர் படியிறங்குவதற்குள் அது எங்கள் மாடியில் கம்பு தின்றுகொண்டிருந்தது. ‘எங்கே விட்டாலும் வீடு திரும்பும்’ என்று விளம்பரம் எழுதியதே நான்தான். திரும்பியதும் அது மோசடி ஆகிவிட்டது. அப்பா பெட்டையைக் கூடையில் போட்டு, துணி மூடி, ஷேர் ஆட்டோ பிடித்துக் காலடிப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் லூயிஸ் அண்ணன் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, “வித்த புறாவைத் திருப்பிக் கூப்ட்டுக்குறான், பிராடு” என்று போட்டுவிட்டார். புறா வளர்ப்பவர்கள் குழுவில் ஒருவருக்குக்கூட ‘புறா அப்படித்தானே செய்யும்’ என்று தோன்றவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், தன்னையும் இதே ஆள்தான் ஏமாற்றினார் என்றார். அப்பா கும்மிடிப்பூண்டியைத் தாண்டியதில்லை. இன்னொருவர், இவர் விசிலடித்தால் ஊர்ப் புறாவெல்லாம் வந்துவிடும் என்று எழுதினார். அப்பாவுக்கு முன்பல் இல்லை ஐயா, விசிலே வராது. தாங்கள் எல்லாவற்றையும் தீர விசாரித்து, அதாவது கையிலிருந்த டீ ஆறுவதற்குள், பெயரைச் சிவப்பாக்கினீர்கள்.

கூடையோடு வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்து லூயிஸ் அண்ணன் தலையைச் சொறிந்தாராம். “இன்னா நைனா, நீயே எட்த்துகினு வந்துட்ட! நான் நெட்ல போட்டுட்டனே... அத்த எப்டி எடுக்கறதுன்னு தெர்லியே.” பாவம், அவரே தங்களுக்குப் போன் செய்தார். “குழு விசாரிக்கும்” என்றீர்களாம். போடும்போது இல்லாத விசாரணை எடுக்கும்போது உண்டு. நல்ல ஏற்பாடுதான். அதுக்குள்ள ஞாயித்துக்கெழமை ரேஸ் வந்துடும் ஐயா. ரேஸ் நடத்துற புறா கிளப்புல அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டிட்டாங்க. “ஒன் புறாவ சேத்துக்க முடியாது அப்பாவு, நெட்லயே வந்துட்ச்சு”ன்றாங்க. தான் துன்றாரோ இல்லியோ, வருஷம் பூரா எங்க செவலைப் புறாவுக்குப் பொட்டுக்கடலை வாங்கிப் போட்டு இந்த ரேஸுக்காகப் பழக்கின மனுஷன், இப்ப மாடில குந்திகினு அதுகிட்ட மன்னிப்பு கேட்டுகினு கீறாரு.

ஆகவே சனிக்கிழமைக்குள் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டு, கிளப்புக்கும் ஒரு வரி எழுதிப்போடுங்கள். இனிமேலாவது, சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்காமல் யார் பெயரையும் போடாதீர்கள்.

தங்கள் புறாக்கள் யாவும் தங்கள் மாடிக்கே திரும்ப வாழ்த்தும்,
ரமாபாய், பி.காம்.

பின்குறிப்பு: இப்போது பார்த்தால் செவலையைக் காணோம்! லூயிஸ்தான் அமுக்கிவிட்டான் என்று அப்பா கத்துகிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அந்த ஆள் பெயரை இன்றே சிவப்பில் போடவும். ஆதாரம் கேட்க மாட்டீர்கள் என்பது எவ்வளவு வசதி.

இன்னொரு குறிப்பு: செவலை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தது. மேலே உள்ள பின்குறிப்பை அடித்துவிட்டேன். எவ்வளவு கிறுக்கியும் லூயிஸ் அண்ணன் பெயர் தெரிகிறது.