இரண்டாம் கட்சால்

எனக்குக் கோபம் தணியவில்லை. தணிய வேண்டும் என்று நான் விரும்பியதும் இல்லை. ஒருவரின் வாயைத் திறக்கவைத்துவிட்டு, அவரைப் பற்றி அவர் தலைக்கு மேலேயே பேசுவதைக் காட்டிலும் கொடிய அவமதிப்பு உண்டென்றால், அதை யாரேனும் எனக்குக் காட்டட்டும்.

அப்போது நான் நிக்கோபாரின் கட்சால் தீவில் தமிழாசிரியை. பல்லுக்குக் கம்பி கட்டி இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அடுத்த வாரம் திருமணம். கம்பியில்லாத வாயோடு மணவறையில் சிரிக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவே. அதற்காகவே அப்பாவோடு கப்பலேறி, குமட்டலைப் பொறுத்து, போர்ட் பிளேர் லம்பா லைனில் இருந்த பல் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தேன். (கப்பலில் கைக்கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துப் பழகியதை அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். போகட்டும்.)

கம்பி மருத்துவர் மெயின்லேண்டிலிருந்து மாதம் ஒருநாள் விமானத்தில் வருவார், மாலையே திரும்புவார். அந்த ஒருநாளில் தீவுகள் அனைத்தும் அங்கே திரண்டுவிடும். ஆகவே மருத்துவமனையினர் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பதையே விட்டொழித்து, ஊர்ப் பெயரால் அழைத்தனர். "ஹேவ்லாக் வந்தாச்சா?", "டிக்லிபூரை உள்ள அனுப்பு" என்பதே பேச்சு. இலக்கணம் கற்றுப் பட்டமும் பெற்ற நான், அங்கே வெறும் கட்சால்.

அன்று அதே கப்பலில் இன்னொரு கட்சாலும் வந்திருந்ததுதான் வினை. அவள் பெயர் சுமதி. எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெண். கம்பி கட்டிச் சில மாதங்களே ஆகியிருந்தன, இறுக்கிக்கொள்ள வந்தவள். எனக்கு முன்பே அவளை உள்ளே அழைத்தார்கள்.

பிறகு என்னை நாற்காலியில் சாய்த்து, உதடுகளை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார்கள். அதன் பின்னரே உரையாடல் தொடங்கியது.

"இது யாரு?" என்றார் மருத்துவர்.

"கட்சால், சார்," என்றார் உதவியாளர் சுனிதா.

"கட்சாலுக்குத்தான் கழட்டியாச்சே?"

"ஓ தோ பெஹலா வாலா. யே தூஸ்ரா கட்சால்." அது முதல் கட்சாலாம், நான் இரண்டாவதாம்.

"ஓ, ரெண்டு கட்சாலா? அப்ப இது இறுக்க வந்த கட்சால்."

என்ன தருக்கம்! "ஆ! ஆ!" என்று அலறினேன். கையை உயர்த்தினேன். சுனிதா அதை அன்போடு பிடித்து இறக்கி, "டரோ மத், தீதி, தோ மினிட்," என்றார். பயப்படக் கூடாதாம், இரண்டே நிமிடமாம். வரவேற்புப் பெண் கட்சாலுக்குக் கழற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தாள், எந்தக் கட்சால் என்று சொல்லவில்லை. சுனிதா கேட்கவில்லை. மருத்துவரோ என் கோப்பைத் திறக்கவில்லை. மூவரும் மூன்று தீவுகள். இடையே கப்பல் போக்குவரத்து இல்லை.

"பல்லு அருமையா வந்திருக்கும்மா! இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க," என்றார் மருத்துவர். புதுக்கம்பி இறுகியது. பல்லுக்குப் பல் சிவப்பு ரப்பர். போதாதென்று, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் பிணைத்து ரப்பர் வளையங்கள் வேறு.

வெளியே வந்தால் சுமதி சிரிக்கிறாள். "அக்கா, எனக்கு அதுக்குள்ள கழட்டிட்டாங்க! டாக்டரு கெட்டிக்காரரு!" ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற அவள் முன்பற்கள் இரண்டும் பளிச்சிட்டன. அவற்றைக் கண்ட பிறகும் அந்த மனிதர் எப்படிக் கழற்றினார்? கண் பல்லில் இருந்தால்தானே? விமான நேரத்தில் அல்லவா இருந்தது!

மீண்டும் உள்ளே பாய்ந்தேன், பின்னாலேயே அப்பாவும். மருத்துவர் பையை மாட்டிக்கொண்டு, நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என் வாழ்நாளின் தலைசிறந்த கண்டனவுரையைத் தொடங்கினேன். நெஞ்சில் எதுகை மோனையோடு திரண்டது, வெளியே "ம்ஞ்ஞா" என்று வந்தது. (தமிழாசிரியை!) சினம் பொங்க வாயை முழுதாகத் திறந்தேன். வளையமொன்று தெறித்துப் பறந்து அவர் தேநீரில் விழுந்தது.

"எங்க தோட்டத்து ரப்பரா இருக்கும், சார். நல்ல இழுவை," என்றார் அப்பா. (பெற்ற தகப்பன்!) அதன் பிறகே அவர் செய்தியை விளக்கினார். மருத்துவரின் முகம் வெளிறியது.

"சுனிதா, நீ சொல்லக் கூடாதா?"

"முஜ்ஸே கிஸ்னே பூச்சா, சார்?" தன்னை யார் கேட்டார்கள் என்றார் சுனிதா.

"கட்சாலுக்குக் கழட்டணும்னு நான் தெளிவாத்தான் சொன்னேனே!" என்றாள் வரவேற்புப் பெண்.

கூரைக்கு மேலே விமானம் இரைந்து இறங்கியது. அவர் ஏற வேண்டிய விமானம். "அடுத்த மாசம் வாங்கம்மா. மொதல்ல உங்களுக்குத்தான்," என்றபடி வாசலைக் கடந்துவிட்டார்.

மறுமாதம் போனபோது, சுனிதா வளையத்தைக் கையில் எடுக்குமுன், "தீதி, பேர் என்னா? எதுக்கு வந்தீங்க?" என்று தமிழிலேயே கேட்டார். மருத்துவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்த பிறகே கம்பியைக் கழற்றினார். அந்த இரண்டு கேள்விகளுக்கு என் திருமணச் சிரிப்பு விலையாயிற்று. சுமதிக்கு முதலிலிருந்து மீண்டும் கம்பி கட்டினார்கள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

எங்கள் திருமணப் படங்கள் அனைத்திலும் நான் உதட்டை இறுக்கி, எவரையோ கடிக்கக் காத்திருப்பவள்போல் நிற்கிறேன். பார்ப்போரிடம் என் கணவர், "கட்டாயக் கல்யாணம் இல்லீங்க, உள்ள ரப்பர் இருக்கு," என்று விளக்கம் தருவார்.

அண்மையில் போர்ட் பிளேர் அபர்டீன் பஜார் துணிக்கடையில் முதலாளி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்காவுக்கு எந்த ஊரு?" என்றார். நான் வாயைத் திறந்தேன்.

என் கணவர் ஓரடி விலகி நின்றார். "அண்ணே, கேட்டதுதான் கேட்டீங்க. மொதல்ல அந்த டீயை மூடி வைங்க."