எட்டு வாரத்து ஊர்க்காரர்

ஊர் சுற்ற வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. கழுத்தில் காமிராவும் காலில் வெள்ளை ஷூவுமாக மூன்று நாளில் ஊரைப் பார்த்து முடித்து, ஒரு டஜன் சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிற அப்பாவிகளை நான் சொல்லவில்லை. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் சொல்வது, ஒரு மாதம் இரண்டு மாதம் என்று வீடு பிடித்துத் தங்கி, இரண்டாவது வாரமே அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த ஊரைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிடுகிறவர்களை. இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். "நான் டூரிஸ்ட் இல்லீங்க" என்று, யாரும் கேட்காமலே சொல்வார்கள்.

ஐலர்ட் ஹார்ம்ஸ் இதில் முதல் தரம். ஜெர்மனியின் வடக்கே பிரேமன் நகரத்தில் முப்பத்தெட்டு வருடம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். ஆகஸ்டு கடைசியில் தெற்கே ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து, மலைச் சரிவில் நூற்றுப் பதினெட்டுப் படி ஏறிப் போகவேண்டிய ஒரு வீட்டின் இரண்டாம் மாடியை எட்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தார். கிளம்பும்போது அவருடைய அக்கா கெசீனே, "நல்லா சுத்திப் பாத்துட்டு வாடா" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது.

"சுத்திப் பாக்கப் போகலக்கா. வாழப் போறேன்."

"எட்டு வாரத்துலயா? அந்த ஊர்ல, கல்யாணம் கட்டி வந்த மருமகளையே இருபது வருஷம் கழிச்சுத்தான் நம்ம பொண்ணும்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் மறக்க முடியவில்லை. தரைத்தளத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரி பீலர் அம்மா, அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கொல்லைப்புறத்தில் மேசை போட்டு, வெங்காய அடை சுட்டு, அந்த வருடத்துப் புது ஒயினோடு வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் விருந்து வைப்பது வழக்கம் என்று வந்த அன்றே தெரிந்துகொண்டார். வாடகைக்கு வந்து போகிறவர்களை அந்த மேசைக்கு இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை என்பதும் தெரிந்தது. போதாதா? அந்த மேசையில் வீட்டாரோடு ஒருவராக உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும்.

பாடு என்றால் சாதாரணப் பாடா? முதல் வாரமே ஊர் வரைபடத்தைத் தூக்கி எறிந்தார். அதனால் நான்கு முறை வழி தவறி, நான்கு முறையும் வேண்டுமென்றேதான் அந்தப் பக்கம் வந்ததாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டாம் வாரம், முடிச்சுப் போட்ட பிரெட்செல் ரொட்டி என்றால் வயிறு தடித்து வெடித்திருக்க வேண்டும், கைகள் மெலிந்து மொறுமொறுவென்று இருக்க வேண்டும் என்ற உண்மையைக் கண்டுபிடித்து, நாற்பது வருடமாக அதைச் சுட்டு விற்கிற பேக்கரிக்காரியிடமே போய் விளக்கினார். அவள் "அப்படிங்களா" என்று முழுக்கக் கேட்டுக்கொண்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தாள். மூன்றாம் வாரம், அந்த ஊரில் வினிகர் விட்டுச் சாப்பிடுகிற பருப்பை ஓட்டலில் ஒரு வாய் வைத்ததும் வினிகர் போதாது என்று தலையாட்டினார். நான்காம் வாரம், வருடக்கணக்காகக் கட்டியும் முடியாத ரயில் நிலையத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பெருமூச்சு விடவும் பழகிவிட்டார்.

ஒருநாள் யாரோ ஒரு தம்பதி மேட்டுக்குப் போக எந்த பஸ் என்று கேட்டார்கள்.

"பஸ்ஸா? நாங்க ஊர்க்காரங்க யாரும் பஸ்ல போறதில்லைங்க. படியிலதான் ஏறுவோம்."

அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. டிரைவரிலிருந்து கடைசி சீட்டு வரை எல்லாரும் ஊர்க்காரர்கள். ஹார்ம்ஸ் மூச்சு வாங்கப் படியேறினார்.

ஆறாம் வாரம் அவருக்கு யோகம் அடித்தது. ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால், கைப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்குகிறது. இந்த வாரம் மாடிப்படி, நிலவறை, வாசல் நடைபாதை எல்லாவற்றையும் கூட்டித் துடைக்கும் முறை இந்த வீட்டுக்கு என்று அர்த்தம். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கூட்டுவார்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். மற்றவர்கள் பலகையைக் கண்டால் ஒரு முனகல் முனகுவார்கள். ஹார்ம்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அக்காவுக்குப் போன் போட்டார்.

"எனக்கும் முறை வந்துருச்சுக்கா."

"என்ன முறை?"

"படி கூட்டுற முறை."

அக்கா, "உன் வீட்டுப் படிய ஆள் வச்சுல்ல கூட்டுவ" என்றாள்.

அந்த வாரம் அவர் கூட்டினார் பாருங்கள், அப்படி ஒரு கூட்டல். படி துடைத்தார், கைப்பிடிச் சுவர் துடைத்தார், தபால் பெட்டிகளின் வாயைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார், நிலவறையில் பீலர் அம்மாவின் உருளைக்கிழங்குப் பெட்டியை நகர்த்தி அதன் அடியிலும் போனார். சனிக்கிழமை சாயங்காலம் பலகையைக் கழற்றி மூன்றாம் மாடிக்கு எடுத்துப் போகும்போது பாதிப் படியில் நின்று யோசித்தார். அங்கே இருப்பது கோர்க்மாஸ் குடும்பம். துருக்கியிலிருந்து வந்தவர்கள். பாவம், வெளியூர்க்காரர்கள், இந்த ஊர்ச் சுத்தத்தின் நுணுக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? விருந்து வேறு அடுத்த சனிக்கிழமை. வீடு பளிச்சென்று இருந்தால் பீலர் அம்மா கவனிக்காமலா போவாள்?

பலகையைத் திரும்ப எடுத்து வந்து தன் கதவிலேயே மாட்டிக்கொண்டார். அடுத்த வாரமும் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை, தன் முறைக்கு வாளியும் துடைப்பமுமாக இறங்கி வந்த கோர்க்மாஸ், ஈரப்படியில் மண்டியிட்டிருந்த ஹார்ம்ஸைப் பார்த்து நின்றார். எழுபதை நெருங்கும் மனிதர், சலவை மடிப்புக் கலையாத சட்டை.

"என்ன சார் பண்றீங்க?"

"உங்களுக்கு ஒரு ஒத்தாசை."

"நான் கேட்டேனா?"

"பரவாயில்லைங்க, அக்கம்பக்கம்னா இதுகூடச் செய்யலைன்னா எப்படி. இந்த ஊர்ல ஐந்நூறு வருஷமா இருக்குற பழக்கம் இது. என்ன விஷயம்னா..."

கோர்க்மாஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைகட்டி முழுவதையும் கேட்டார். ஹார்ம்ஸ் சொல்லி முடிப்பதற்குள் பீலர் அம்மாவும் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள்.

"ஹார்ம்ஸ் சார், இங்க முறையத் தவறவிட்டா தப்பு. ஆனா அடுத்தவர் முறைய எடுத்துச் செஞ்சா, அவங்க வீட்ட நாறடிச்சிருக்காங்கன்னு தெருவுக்கே தண்டோரா போடற மாதிரி. கோர்க்மாஸ் இங்க நாப்பத்தோரு வருஷமா இருக்காரு. ஒரு வாரம் தவறினதில்ல. எனக்கே ரெண்டு தடவ தவறியிருக்கு."

"அந்த ரெண்டு தடவையும் எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் கோர்க்மாஸ்.

"உமக்கு ஞாபகம் இல்லாம இருக்குமா" என்றாள் அவள்.

ஹார்ம்ஸ் பலகையைக் கழற்றி இரண்டு கையாலும் நீட்டினார். கோர்க்மாஸ் வாங்கிக்கொண்டு, அவர் துடைத்த படிகளையே முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் ஹார்ம்ஸுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, அழக்கூடத் தோன்றியது. அக்காவின் போனை அன்று எடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கொல்லையிலிருந்து வெங்காயம் சுடும் வாசனை இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தது. மேசை இழுக்கிற சத்தம், சிரிப்பு, கண்ணாடிக் கோப்பைகள். ஹார்ம்ஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு, பெட்டியைக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கோர்க்மாஸ்.

"கீழ வாங்க சார். பீலர் அம்மா கூப்பிடுறாங்க."

"நேத்து நடந்ததுக்கு அப்புறமா?"

"அது நேத்தே முடிஞ்சுது. வாங்க, ஆறிப்போகும்."

மேசையின் தலைப்பக்கத்தில் மெத்தை வைத்த நாற்காலி அவருக்காகக் காலியாக இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் பெஞ்சு. முதல் துண்டு அவருக்கு. பெரிய துண்டும் அவருக்கு. யாருக்கும் கோபம் இல்லை. பிரேமனில் காற்று எப்படி, மீன் எப்படி என்று அக்கறையாக விசாரித்தார்கள். சாப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் எழுந்து, பேச்சு இல்லாமல் ஆளுக்கொரு வேலையில் இறங்கினார்கள். ஒருவர் பெஞ்சை மடக்கினார், ஒருவர் கோப்பைகளைப் பொறுக்கினார், கோர்க்மாஸ் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனார். ஹார்ம்ஸும் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பீலர் அம்மா பதறிப்போய் அதைப் பிடுங்கினாள்.

"நீங்க உக்காருங்க சார். விருந்தாளியப் போய் வேலை வாங்குவோமா?"

அவர் உட்கார்ந்தார். மெத்தை மிகவும் வசதியாகத்தான் இருந்தது. போட்டோ எடுக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வருடம் மகள் வீட்டுக்கென்று மூனிச் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தீர்களே, வந்த மறுநாளே எந்தப் பாட்டிலை எந்தத் தொட்டியில் போடவேண்டும் என்று குப்பை வண்டிக்காரருக்குப் பாடம் நடத்தியதைத் தெருவே கேட்டது. "அங்க எல்லாரும் என்னை அவங்க ஆளாவே நெனச்சுட்டாங்க" என்றும் சொன்னீர்கள். நினைத்திருப்பார்கள், நான் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த மூன்று மாதத்தில், அடுத்த வீட்டில் உங்களுக்குச் சாப்பாடு போட்டார்களே, ஒரு தட்டையாவது கழுவ விட்டார்களா?