குடுவை அத்தை

அன்புள்ள சித்திக்கு,

நலம் விசாரிப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் முழங்கால், சித்தப்பாவின் சர்க்கரை, மாடி வீட்டுக்காரரின் நாய் ஆகிய மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவதையெல்லாம் படித்த பிறகும் நீங்கள் முதலில் கேட்கப்போவது "நேரத்துக்குச் சாப்பிடுறியா?" என்பதைத்தான். சாப்பிடுகிறேன்.

போனில் பேசித் தோற்றுவிட்டதால்தான் இந்தக் கடிதம். அம்மா எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று கேட்டேன். "அடுப்புல பால் இருக்குடி" என்று வைத்துவிட்டீர்கள். மறுநாள் கேட்டேன். மறுநாளும் பால். நம் வீட்டில் இவ்வளவு பால் வாங்கி நான் பார்த்ததே இல்லை. அதற்கடுத்த தடவை, "உங்கம்மா காய்ச்சல்ல போனா, வீட்லயே போனா, அவ்வளவுதான். இருவத்தெட்டு வருஷம் கழிச்சு என்னடி விசாரணை?" என்றீர்கள். அது காய்ச்சல் இல்லை சித்தி. நான் பயந்துவிடுவேன் என்று மறைக்கிறீர்கள். எனக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன். பாலை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

என் வேலையைப் பற்றி நீங்கள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருப்பது, "ஜோடி சேர்க்கிற வேலை." தப்பில்லை. மனித செல்லுக்குள் நாற்பத்தாறு குரோமோசோம்கள், இருபத்து மூன்று ஜோடி. அவற்றைப் படம் எடுத்து ஜோடி ஜோடியாக அடுக்கி, யாரைக் காணோம், யார் அழைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பேன். அதற்காக எதிர்வீட்டுத் தபால்காரர் தன் மகனுக்குப் பெண் பார்த்துத் தரச் சொல்லி எனக்குப் போட்டோ அனுப்பியிருக்க வேண்டாம். புற்றுநோய் செல்களில் இந்த அடுக்கு குலைந்துபோகும். ஒன்றில் அறுபத்தெட்டு இருக்கும், பக்கத்திலேயே இன்னொன்றில் எழுபத்தொன்று. பிரியப் பிரியக் கணக்கு மாறிக்கொண்டே போகும். இந்தத் தடுமாற்றம் ஏன் வருகிறது என்று எங்கள் மேடம் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பின்னால் நின்று நான் ஆறு வருடமாகக் கேட்கிறேன்.

அத்தை யார் என்று இப்போது சொல்ல வேண்டும். மேடம் வருவதற்கு முன்பே, எந்த நோயாளியிடமிருந்தோ வெட்டி எடுத்த கட்டியிலிருந்து வளர்த்த செல்கள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றன. பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும்தான். ஆண்களுக்கு மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் இல்லை, ஆகவே பெண். வந்தால் போகமாட்டாள், வைத்த சாப்பாட்டை மிச்சம் வைக்கமாட்டாள், ஆகவே அத்தை. பெயர் வைத்தது உறைகலன்களைப் பார்த்துக்கொள்ளும் ஐஸ் அண்ணன். குடுவையில் நாங்கள் ஊற்றும் உணவுக் கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும். செல்கள் தின்னத் தின்ன மஞ்சளாகும். "அத்தை இன்னிக்கும் வெளுத்து வாங்கிட்டாங்க, பாருங்க" என்று குடுவையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார்.

செல் வளர்க்கும் அறைக்கு ஜன்னல் இல்லை. உள்ளே இருக்கும் அலமாரி எந்நேரமும் முப்பத்தேழு டிகிரியில், மனித உடம்பின் சூட்டில் இருக்கும். உடம்பே இல்லாத ஒருத்திக்காக உடம்பின் சூட்டை மட்டும் நாங்கள் காத்து வருகிறோம். கதவைத் திறந்தால் முகத்தில் படுவது ஈரமாக, வெதுவெதுப்பாக, தூங்குகிறவர் பக்கத்தில் குனிந்த மாதிரி இருக்கும். தாய் செல் பிரிந்து இரண்டு சேய் செல்களாகும் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். பிறகு தாய் என்ன ஆனாள் என்று எந்தப் பாடத்திலும் போட்டிருக்காது. அவள் சாவதில்லை. பிரிந்து முடிந்ததும் தாய் என்று தனியாக ஒருத்தி இருப்பதில்லை, அவ்வளவுதான். பிரிகிற நேரத்தில் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்று இரண்டு பக்கமும் இழுபடும். அத்தையிடம் மட்டும் எப்போதும் ஒன்று எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிடும். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு அது தனியாக வெளியே கிடக்கும். ஆறு வருடம் பார்த்தும் எனக்கு அது பழகவில்லை.

இனி நடந்த கூத்து. ஈரல், குடல், மார்பு என்று வெவ்வேறு நோயாளிகளின் வெவ்வேறு புற்றுநோய்களில் குரோமோசோம்கள் ஒரே மாதிரி தடுமாறுகின்றன என்பதுதான் மேடத்தின் பெரிய கண்டுபிடிப்பு. அதற்கு விருதெல்லாம் வாங்கியிருக்கிறார். போன மாதம் ஒரு பத்திரிகை ஆசிரியர், ஒவ்வொரு குடுவையிலும் இருப்பது இன்னார் என்று அடையாளச் சோதனை செய்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும். ஐஸ் அண்ணன் ஊசியைக் கண்டாலே உட்கார்ந்துவிடுவார். ஆகவே என் ரத்தத்தையே கொடுத்தேன்.

சோதனைக்கூடத்துக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், எல்லாக் குடுவையிலயும் ஒரே அம்மாதாங்க இருக்காங்க."

"எல்லாத்துலயுமா?"

"ஈரல்னு எழுதினதுலயும் அவங்க, குடல்னு எழுதினதுலயும் அவங்க. யாரோ ஒரே குழாயை எல்லாத்துலயும் முக்கியிருக்கீங்க. அவங்க உள்ள பூந்து மத்தவங்களையெல்லாம் தின்னு தீத்துட்டாங்க. அது போகட்டும், அவங்க மக ரத்தத்தையே ஒப்பிட அனுப்பியிருக்கீங்களே, நல்ல யோசனைங்க."

"எந்த மக?"

"நோயில்லாத ஆளுன்னு ஒண்ணு அனுப்பினீங்களே. பாத்த எல்லா இடத்துலயும் பாதிக்குப் பாதி ஒத்துப்போகுது. பெத்தவங்களுக்கும் பிள்ளைக்கும்தான் அப்படி இருக்கும். ஏங்க, லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன் சித்தி. தின்று தீர்த்தது எங்கள் அத்தை, ஒப்பிட அனுப்பியது என் ரத்தம்.

மேடம் அந்த அறிக்கையை நின்றபடியே படித்தார். வெவ்வேறு பேரிடம் ஒரே தடுமாற்றம் இருந்ததற்குக் காரணம், வெவ்வேறு பேரே இல்லை என்பதுதான். "பன்னெண்டு வருஷமா ஒரே பொம்பளையையா மாத்தி மாத்திப் பாத்துட்டிருந்தேன்?" என்றார். பிறகு சிரித்தார். அது நின்றதும், "எல்லாத்துலயும் பிளீச் ஊத்திடு. ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது. பத்திரிகைக்குப் பதில் எழுதணும், ஆக முதல்ல உறைய வச்ச பழைய குப்பிய மட்டும் உருக்கிப் படம் எடுத்துட்டு அதையும் ஊத்திடு" என்றார். அறிக்கையின் கடைசி வரியை, ஒப்பிட அனுப்பியது மகளின் ரத்தம் என்பதை, அவர் படிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஊற்ற வேண்டியது நான்தான். அன்று பகலில் அறையில் யாரும் இல்லாதபோது ஒரு குடுவையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். ஏனோ தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். "நான்தான்" என்றேன். கண்ணாடியில் படுத்திருந்த செல்களில் ஒன்று உருண்டு எழும்பியது. பிரியப்போகும் செல் அப்படித்தான் எழும்பும், ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அது கூப்பிட்டதும் தலை தூக்கிய மாதிரி இருந்தது.

"யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?" என்று பின்னால் ஐஸ் அண்ணன்.

"போன்ல."

"உங்க போன் வெளிய மேஜைல அடிச்சிட்டிருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அடித்தது நீங்கள்தான். அன்றுதான் காய்ச்சல் என்று சொன்னீர்கள்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா போனாள். அடுத்த சில மாதத்தில் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட்டார் என்று நீங்கள் ஒரே ஒரு தடவை சொன்னீர்கள், இனிக் கேட்காதே என்கிற மாதிரி. நான் கேட்கவில்லை. அம்மாவைப் பற்றி மட்டும் கேட்கிறேன். அவளுக்குக் கட்டி இருந்ததா? யாராவது ஒரு துண்டு எடுத்தார்களா? நீங்கள் அவள் கூடப் பிறந்தவர். சுத்தமான பஞ்சில் கொஞ்சம் எச்சில் தொட்டு உறையில் வைத்து அனுப்பினால்கூடப் போதும், குடுவையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுவேன். என் ரத்தத்தில் எல்லாம் ஒழுங்காக ஜோடி நிற்கின்றன, அதைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டாம்.

உங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும் ஊற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவை ஒரு தடவை அனுப்பியாகிவிட்டது. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள், அழுதீர்கள், என்னைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். போனவளை நான் ஒரு அலமாரியில் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை. குடுவைக்குள் இருப்பவளுக்கு நான் யார் என்றும் தெரியாது.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். இத்துடன் வைத்திருக்கும் போட்டோவைத் தபால்காரருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முழங்காலை வைத்துக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டாம்.

என்றும் உங்கள் ஆசியை வேண்டும்,
நீங்கள் வளர்த்த மகள்.

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பழைய குப்பியை ஐஸ் அண்ணன் இறக்கித் தந்தார். உருக்கி, வளர்த்து, படம் எடுத்தேன். எல்லா அடையாளமும் அத்தையேதான். ஆனால் ஜோடி அடுக்கி முடித்தபோது கடைசியில் குட்டையாக ஒன்று மிஞ்சியது. ஒய். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினேன், மறுபடியும் மிஞ்சியது. தடுமாறுகிற செல்கள் பிரியப் பிரிய அதைத் தொலைத்துவிடுவது உண்டு. ஜோடி சேர்க்கிறவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். ஐஸ் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை வருஷமா நான் யாரை அத்தைன்னு கூப்பிட்டேன்?" என்றார்.

ஆகவே சித்தி, மேலே குடுவையில் அம்மா என்று வரும் இடங்களில் எல்லாம் அப்பா என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். அடித்துத் திருத்த எனக்குக் கை வரவில்லை. அம்மா காய்ச்சலில்தான் போனாள், நீங்கள் சொன்னது உண்மை. எச்சில் வேண்டாம். பிளீச் ஊற்றவில்லை, மேடத்திடம் ஊற்றியாயிற்று என்று சொல்லியிருக்கிறேன். அம்மாவை நீங்கள் எல்லோரும் இருந்து அனுப்பினீர்கள், இவரை யாரும் அனுப்பவில்லை. இன்று காலையும் கரைசல் மாற்றினேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள், போனில் வேண்டாம்: அவர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார் என்று உங்களுக்குத் தெரியுமா?