அமரர் வேஸ்னா டீச்சர்

தமிழ்ப்பற்று இருக்கிற அளவுக்குத் தமிழ் இல்லாதவனிடம் அழைப்பிதழ் எழுதும் வேலையைக் கொடுக்கவே கூடாது. சிட்னியில் என்னிடம் கொடுத்தார்கள் (கொடுத்தார்கள் என்ன, நானே பிடுங்கிக்கொண்டேன்).

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுப்பவர் வேஸ்னா டீச்சர். ஸ்லோவேனியாக்காரர். அங்கே ஓவிய ஆசிரியை. இங்கே அந்தப் பட்டம் செல்லாது என்று சொல்லிவிட, பிஸ்கட் பாக்டரியில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி படித்து ஆசிரியையானார் (நம் ஆட்களுக்குப் பழகிய கதைதான்). அவர் ஊரில் புல் காயவைக்கும் மரச்சட்டங்களைத்தான் வாழ்நாள் முழுக்க வரைந்தார். நாங்கள் அதை வேலி என்று நினைத்து, "நல்லா இருக்கு டீச்சர்" என்போம். ஒருவரும் வாங்கியதில்லை.

எண்பதாவது வயதில் அவருக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தோம். "இதிலும் விற்காவிட்டால் எல்லாவற்றையும் குப்பையோடு கவுன்சில்காரன் அள்ளிக்கொண்டு போக வாசலில் வைத்துவிடுவேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. அழைப்பிதழில் அவரை எங்கேயோ தூக்கி வைத்துவிட வேண்டும். அழியாப் புகழ், சாகாவரம் என்று அகராதியைப் புரட்டியதில் ஒரே சொல்லில் எல்லாம் கிடைத்தது. அமரர்.

அவர் போட்டோவைச் சுற்றி மல்லிகைச் சரம், கீழே குத்துவிளக்கு (வடிவமைப்பும் நானே). கமிட்டியில் மற்றவர்கள் என்னை நம்பிப் படிக்காமலே விட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. என் தமிழுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை லிட்கம் மண்டபத்தில் நிற்க இடமில்லை. பாதிப் பேர் வெள்ளை உடையில், சிலர் கையில் மலர்வளையம். டீச்சர் உள்ளே சமையலறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். பிளாக்டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கும் சிவம் அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பிடித் தம்பி நடந்தது? போன கிழமையும் கடைக்கு வந்தவ."

கண்காட்சியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ரொம்ப நாளா இழுத்துக்கிட்டே இருந்துச்சு அங்கிள். கடைசியில நானே முடிச்சு வச்சேன்."

அவர் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"அவவின்ர நினைவா ஒண்டு" என்று ஆளாளுக்கு வேலிகளை வாங்கினார்கள். சுவரில் ஒரு படம் மிச்சமில்லை. அப்போது கேக் தட்டோடு டீச்சர் வெளியே வந்தார்.

ஒரு அன்ரி அலறிவிட்டார். யாரோ டீச்சருக்கு விஷயத்தை விளக்கினார்கள். அமரர் என்று செத்தவர்களைத்தான் சொல்வார்கள் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

சிவம் அங்கிள் தன் படத்தை நைசாக மேசைமேல் வைத்தார். "ஆள் இருக்கிறா தானே. அவசரமில்லை, பிறகு ஆறுதலா வாங்கலாம்." அவர் பின்னால் இன்னும் சிலர் படத்தோடு வரிசை கட்டினார்கள். செத்தால்தான் வாங்குவார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் ஆளைக் கொன்றவன் எந்த வாயோடு நியாயம் பேசுவது?

டீச்சர் அந்தப் படத்தை எடுத்து அங்கிள் கையிலேயே திணித்தார். "செத்தவளிடம் சாமானைத் திருப்பிக் கொடுக்க முடியாது" என்றார் இங்கிலீஷில். "கேக் சாப்பிடுங்கள்."

ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது டீச்சர் தன் கையெழுத்துக்கு முன்னால் தமிழில் 'அமரர்' என்றும் எழுதுகிறார். எழுதக் கற்றுக்கொடுத்தது என் மகள். படங்கள் நன்றாகவே போகின்றன.

வீட்டில்தான் நான் யாரையும் பாராட்ட முடிவதில்லை. ரசம் பிரமாதம் என்று வாயெடுத்தாலே மனைவி கை காட்டி நிறுத்திவிடுகிறாள்.

"வேண்டாங்க. நான் இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கிறேன்."